ஜன்னலோர சீட்டில் ஒரு கேன்

அத்தியாயம் 6

"ரெண்டு டிக்கெட்டு கேட்டாருங்க. ஆளு பாத்தா ஒருத்தர்தான்" என்றார் கண்டக்டர் சடகோபன்.

திருத்தணி பஸ் நிலையம். திருப்பதி போய்த் திரும்பிய பஸ் சென்னைக்குக் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. சடகோபன் ஒரு காலைப் படியில் வைத்தபடியே எங்களுக்கு வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு டிக்கெட் யாருக்குன்னு கேட்டீங்களா?" என்றார் மணியம்மை மேடம்.

"கேட்டங்க. கேனுக்குன்னாரு. லக்கேஜ் போட்டுக்கறேன் பெரியவரேன்னேன். வேணாம், முழு டிக்கெட்டே குடுன்னு நின்னாரு. ஜன்னலோரம் கேனை ஒக்கார வச்சி, பக்கத்துல ஒக்காந்து கையை மேல வச்சிக்கினே வந்தாரு. கனகம்மாசத்திரத்துல ஒரு காலேஜ் பையன் ஏறி, கேனைக் கீழ வைங்கன்னு சண்டைக்கு வந்தான். ரெண்டு டிக்கெட்டையும் எடுத்து நீட்டிட்டாரு. பையன் வாயை மூடிக்கினான்."

"கேன் பாக்க எப்படி இருந்தது?"

"பால் கேன் மாரிதான். பளபளன்னு அலுமினியம். மூடி இடுக்குல லேசா பொகை வந்துகினு இருந்தது. இன்னா பெரியவரே உள்ளன்னேன். வூட்டுக்காரின்னாரு. சரி, தலைக்கு வெயில் ஏறிடுச்சுன்னு விட்டுட்டேன். இங்கதான் எறங்கினாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற ஹேமாவதியின் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"எங்க நைனாதான்" என்று தன் அப்பா கோதண்டபாணியை அடையாளம் சொன்னாள் அவள். ஆச்சரியம் இல்லை, கோபம் இல்லை. "அம்மாவுக்கு ஜன்னலோரம் வேணும். இல்லன்னா அடுத்த பஸ்ஸுக்கு நிப்பாங்க."

பஸ் கிளம்பிப் போயிற்று.

இந்த ஹேமாவதி காலையில் எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்தபோதும் இதே குரலில்தான் பேசினாள். சென்னையில் ஒரு தனியார் ஆராய்ச்சிக் கூடத்தில் புற்றுநோய் செல்களை வளர்ப்பது அவள் வேலை. வளர்த்தது யாருடையதை என்றால், சொந்த அம்மா ஜெயம்மாளுடையதை. மார்பில் அறுவை செய்தபோது அம்மாவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கட்டியிலிருந்து எடுத்தவை. அம்மா இறந்து இன்றைக்குப் பதினாறாம் நாள். கூடத்தின் பெரிய தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்ததால் அந்தச் செல்கள் இருந்த எல்லாக் குப்பிகளையும் திரவ நைட்ரஜன் ஊற்றிய ஒரே கேனில் போட்டு வராந்தாவில் வைத்திருக்கிறார்கள். கேனைக் காணோம். திருப்பதி பஸ்ஸில் ஒரு கேன் ஏறியதைப் பார்த்ததாக எதிரே இருந்த இளநீர்க்கடைக்காரர் சொன்னார்.

ஹேமாவதியின் சந்தேகம் கூட வேலை செய்யும் சூர்யபிரகாஷ் மேல். திருத்தணிக்குப் பக்கத்து மணவூர்க்காரன், லீவில் இருக்கிறான், தலை முழு வழுக்கை. திருத்தணியில் மொட்டைத் தலையை அடையாளமாக வைத்து ஆளைத் தேடச் சொன்னால் நான் இந்த ஜென்மத்தில் வீடு திரும்ப முடியாது. நல்லவேளை, சடகோபன் என்னைக் காப்பாற்றினார்.

நான் கௌதமன். மணியம்மை மேடத்துக்கு உதவியாளன். மேடம் போலீஸில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். எனக்கு இன்னும் எதிலும் விருப்பமும் இல்லை, ஓய்வும் இல்லை.

"நைனா காலைல அங்க வந்தாரா?" என்றார் மேடம்.

"வந்தாரு. கருமாதிக்குக் கூப்பிட. நான் வெளிய போகல. வாட்ச்மேன்கிட்ட வேலை இருக்குன்னு சொல்லச் சொன்னேன். கருமாதி எங்க, எப்பன்னுகூடக் கேட்டுக்கல."

"வெளியாள் யாராவது வந்தாங்களான்னு கேட்டப்ப இல்லைன்னீங்க."

"நைனா வெளியாள் இல்லையே."

 மேடம் அவளைப் பஸ் நிலையத்து நிழலில் இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்காரவைத்து, ஒரு சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தார்.

"கேனுக்குள்ள என்ன இருக்குன்னு அவருக்கு எவ்வளவு தெரியும்?"

"எல்லாம் தெரியும். தினம் போன்ல சொல்வேன். தறியில ஒக்காந்துகினே கேப்பாரு."

"அவருக்குச் சொன்ன மாதிரியே எங்களுக்கும் சொல்லுங்க."

ஹேமாவதி சொன்னாள். வகுப்பில் ஒப்பிப்பதுபோல், ஆனால் வீட்டுப் பேச்சில்.

"பால் வர்ற குழாயோட உள்சுவர்ல இருக்கற செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கினு நிக்கும். எடத்தை விட்டு நகராது. அந்தக் கைக்கு ஈ-கேடரின்னு பேரு. கேன்சரே வந்தாலும், கை கோத்துக்கினு இருக்கறவரைக்கும் அங்கேயே கட்டியா கெடக்கும். வெட்டி எடுத்துடலாம். அப்புறம் ஒரு சிக்னல் வரும். டிஜிஎஃப் பீட்டான்னு ஒரு புரதம் செல்லு வாசல்ல வந்து தட்டும். ஸ்மாட்னு ஒண்ணு அந்தச் சேதியை எடுத்துக்கினு உள்ள நியூக்ளியஸுக்கு ஓடும். அங்க ஸ்நெயில்னு ஒண்ணு முழிச்சிக்கும். அது கை செய்யற ஜீனுக்குப் பூட்டுப் போட்டுடும். அவ்ளோதான். செல்லு கையை விட்டுடும். நீளமாயிடும். நகர ஆரம்பிச்சிடும். ரத்தத்துல ஏறி எங்க வேணாப் போவும்."

"ஸ்நெயில்னா நத்தைதானே மேடம்? நத்தைக்கு ஏது இவ்வளவு சுறுசுறுப்பு?" என்றேன். பழக்க தோஷம்.

"பேர் வச்சவங்களைத்தான் கேக்கணும்" என்றாள் அவள், சிரிக்காமல், கோபிக்காமல். "போற எடத்துல மறுபடி கை கோத்துக்கினு ஒக்காந்துடும். அம்மாவுக்கு ஈரல்ல ஒக்காந்தது."



"அப்போ அந்த சிக்னல்தான் வில்லன்" என்றார் மேடம்.

"இல்ல. ஆரம்பத்துல அதே சிக்னல்தான் கட்டியை வளர விடாம தடுக்கும். நோய் முத்தினப்புறம் அதுவே கையை விடச் சொல்லும்."

"அதாவது, சிக்னலை வச்சு நல்லது கெட்டது சொல்ல முடியாது. எப்ப வருதுன்னு பாக்கணும்."

"ஆங்." அவள் சோடாவைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "அந்தத் தட்டறதை வாசல்லயே மறிக்கற மருந்து ஒண்ணு. அம்மாவோட செல்லுங்களுக்குக் குடுத்தேன். விட்ட கையை மறுபடி கோத்துக்கிச்சு. லேப்ல வளர்க்கற தட்டுல. அம்மா ஒடம்புல இல்ல, அங்க லேட்டாயிடுச்சு. இதைத் திரும்பத் திரும்பச் செஞ்சு காட்டினாத்தான் நாலு பேரு நம்புவாங்க. இன்னொருத்தரோட அம்மாவுக்கு நேரத்தோட போய்ச் சேரும். குப்பிங்க போயிடுச்சுன்னா காட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"நைட்ரஜன் அடி மட்டத்துக்கு வந்திருந்தது. இன்னைக்குச் சாயந்திரம் வரைக்கும். அதுக்கப்புறம் அம்மா செத்துடுவாங்க."

பெஞ்சில் இருந்த யாரும் அவளைத் திருத்தவில்லை. கிளீனர் ஒருவன் திருப்பதி, திருப்பதி என்று கத்திக்கொண்டு போனான். எனக்கு நெஞ்சுக்குள் ஏதாவது ஆகவேண்டும் என்று காத்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஆறு வருஷம் இந்தத் தொழிலில் இருந்தால் அப்படித்தான் ஆகிவிடும் போலிருக்கிறது.

"போன் எடுக்கல. முருகன் மலைக்குத்தான் போயிருப்பாரு" என்றாள் ஹேமாவதி. "அம்மாவுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. முடி குடுக்கறேன்னு வேண்டிக்கினாங்க. அதுக்குள்ள ஆஸ்பத்திரி மருந்துல முடி கொட்டிடுச்சு."

நான் ஆட்டோவைக் கூப்பிடக் கை தூக்கினேன். மேடம் என் கையைக் கீழே இறக்கினார்.

"கருமாதி முடியாம தீட்டு வீட்டுக்காரர் மலை ஏறமாட்டார்."

"மேடம், உங்கப்பா கறுப்புச் சட்டை. உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

"எதையெல்லாம் செய்யக்கூடாதுன்னு அப்பா ஒண்ணுவிடாம சொல்லிக்கொடுத்திருக்கார். கௌதம், கேள்வி ஒண்ணுதான். ஜன்னல் சீட் வாங்கிக்கொடுத்தவர், கேனைக் குளிர்ச்சியா வச்சிருக்க நினைப்பாரா, மாட்டாரா?"

"நினைப்பார்."

"இந்த ஊர்ல திரவ நைட்ரஜன் யார்கிட்ட இருக்கும்?"

"ஐஸ்கிரீம் கடை? மீன் மார்க்கெட்? என் மாமியார் மனசு?"

மேடம் ரோட்டைக் காட்டினார். ஒரு ஆள் கறவை மாட்டைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு போனான். மாடு கத்திக்கொண்டே போயிற்று.

"சினை ஊசி" என்றார் மேடம். "காளையோட விந்தை நைட்ரஜன் கேன்லதான் வச்சிருப்பாங்க. தறி நெய்யற வீட்டுல மாடு உண்டா ஹேமாவதி?"

"ரெண்டு உண்டு."

"ஊசி போடறவங்க யாரு?"

"ஆர்.கே.பேட்டை ரோட்டுல சுலோச்சனான்னு ஒரு அக்கா இருக்காங்கன்னு நைனா சொல்வாரு. நான் பாத்ததில்ல."

ஆட்டோ பிடித்தோம். சுலோச்சனாவின் வீடு வந்தபோது ஹேமாவதி இறங்கவில்லை. நானும் மேடமும்தான் உள்ளே போனோம்.

வீட்டின் முன்னறையே சுலோச்சனாவின் தொழிற்கூடம். ஒரு மேஜை, ரப்பர் கையுறைகள், சுவரில் ஒரு ஜெர்சி காளையின் கம்பீரமான படம். வாழ்நாளில் ஒரு பசுவைக்கூட நேரில் பார்க்காமல் ஊர் முழுக்கக் கன்றுகளுக்குத் தகப்பனான அந்தக் காளையை நான் மரியாதையுடன் பார்த்தேன். குறுக்குவழியில் மாட்டோடு வந்த அதே ஆள் எங்களுக்கு முன்னாலேயே வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"நாளைக்கு இட்டுகினு வாண்ணா. இன்னிக்கு ஊசி கெடையாது. கேன் வெளிய போயிருக்குது" என்று சுலோச்சனா அவனை அனுப்பிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும், கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு.

"மாடு இன்னிக்குத்தாம்மா கத்துது. நாளைக்குன்னா மாட்டுக்குச் சொல்லி வைக்க முடியுமா?" என்று முனகிக்கொண்டே அவன் போனான்.

மேஜைக்கு அடியில் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒரு கேன் இருந்தது. ஊசி போடச் சோம்பல்பட்டால் எங்கள் தெரு டாக்டரும் இதே வசனத்தைத்தான் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

"கோதண்டபாணின்னு ஒரு பெரியவர் வந்தாரா?" என்றார் மேடம்.

"ஆங், வந்தாரு. காலைல. கேனுக்கு நைட்ரஜன் ஊத்திக் குடுன்னாரு, ஊத்திக் குடுத்தேன்."

"இப்ப எங்க?"

"நந்தி ஆத்தங்கரைல. பாலத்துக்கு இந்தாண்ட. கருமாதி நடக்குது. கேனையும் எடுத்துகினுதான் போனாரு. ஆத்துல ஊத்தப் போறாராம்." அவள் மேடத்தைத் தாண்டி வாசலில் நின்ற ஆட்டோவைப் பார்த்தாள். "அது பெரியவரோட பொண்ணாங்க? சீக்கிரம் இட்டுகினு போங்க."

மேடம் ஒரு நன்றி சொல்லிவிட்டு, அவசரமே இல்லாதவர் மாதிரி நடந்து வந்து ஆட்டோவில் ஏறினார்.

"ஊத்தப் போறாராம் மேடம்!" என்றேன்.

"கேட்டேன்."

"அப்புறம் ஏன் நைட்ரஜன் ஊத்திக்கினு போனாரு? கொல்லப் போறவங்களுக்கு யாராவது குளுகோஸ் ஏத்துவாங்களா?"

"நல்ல கேள்வி" என்றார் மேடம். டிரைவருக்கு ஆற்றங்கரை வழி சொன்னார்.

நந்தி ஆற்றில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் இருந்தது. கரையில் உறவுக்காரர்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். நட்ட கல்லுக்கு முன்னால் படையல் வைத்திருந்தது. புதிதாக மழித்த தலையோடு, ஈர வேட்டியோடு, ஒல்லியான ஒரு மனிதர் தண்ணீருக்குள் நின்றிருந்தார். கையில் கேன். கேனின் கழுத்துவரைக்கும் ஒரு ஊதாப் பட்டுப்புடவை சுற்றியிருந்தது.

"பாவா, நேரம் ஆவுது. கரைச்சிட்டு வாங்க" என்று கரையிலிருந்து மைத்துனர் ஒருவர் குரல் கொடுத்தார்.

"பொண்ணு வரட்டும்" என்றார் கோதண்டபாணி.

ஹேமாவதி ஆட்டோ நிற்பதற்குள் இறங்கிவிட்டாள். செருப்போடு தண்ணீருக்குள் போனாள்.

"நைனா, குடுங்க அதை."

"வந்துட்டியாம்மா?"

"அது என் வேலை. அதுல இருக்கறது மட்டும்தான் மருந்துக்குக் கேக்குது. குடுங்க."

"உங்கம்மா எங்க ஹேமா?"

அவள் கேனைக் காட்டினாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"உங்கம்மா செத்துட்டா. அன்னிக்குக் கொள்ளி வச்சிட்டுத் திரும்பிப் பாக்கறேன், உன்னைக் காணோம். சாயந்திரமே ரயிலேறிட்டே. போன் பண்ணா, அம்மா நல்லாருக்காங்க நைனா, இன்னிக்கு நல்லா வளர்றாங்கன்னு சொல்ற. நீ ஒரு சொட்டு அழுவல. அவ செத்துட்டான்னு உன் வாயால ஒரு தபா சொல்லு. கேனைக் குடுத்துடறேன்."

ஹேமாவதி வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.  நிஜமாகவே அந்த வாக்கியம் அவளுக்கு வரவில்லை.

"சொல்ல மாட்டியா?"

"அவங்க உயிரோட இருக்காங்க நைனா. எண்ணிக்கூடக் காட்டறேன்."

கோதண்டபாணி மூடியைத் திறந்தார். நான் பாய்ந்தேன். பாய முடியவில்லை. மேடம் என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்திருந்தார்.

"மேடம், விடுங்க! கேஸே போகுது!"

"நில்லு."

கேன் கவிழ்ந்தது. தண்ணீர் சீறியது. வெள்ளைப் புகை மொத்தமாக எழும்பி, இரண்டு பேரையும் இடுப்புவரை மறைத்து, ஆற்றின் மேல் பரவிக்கொண்டே போயிற்று. கரையில் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"அம்மா!"

அந்தச் சத்தம் ஹேமாவதியிடமிருந்து வந்தது என்று எனக்கு உடனே புரியவில்லை. காலையிலிருந்து நான் கேட்ட குரல் அது இல்லை. அவள் புகைக்குள் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினாள், அள்ள அள்ள விரலிடுக்கில் போயிற்று. அப்படியே ஆற்றில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா போயிட்டாங்க நைனா. செத்துட்டாங்க. எங்கம்மா செத்துட்டாங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பதினாறு நாள் அழுகையும் ஒரே மூச்சில் வந்தது. கோதண்டபாணி பக்கத்தில் மண்டி போட்டு, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவரும் அழுதார்.

எனக்குக் கண் எரிந்தது. புகை என்று சொல்லலாம். திரவ நைட்ரஜன் புகை கண்ணை எரிக்காது என்று பிறகுதான் தெரிந்தது.

அவள் அழுகை விம்மலாகும்வரை அவர் அவளை விடவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"ஒண்ணு சொல்றேன், அடிக்கக்கூடாது. இது மாட்டு ஊசிக் கேன். சுலோச்சனாவோடது. ஊசிங்களை மாட்டாஸ்பத்திரியில குடுத்து வச்சிட்டா, உள்ள பொகையைத் தவிர ஒண்ணும் கெடையாது. உன் குப்பிங்க அத்தினியும் அவ வூட்டு மேஜைக்கு அடியில பத்திரமா இருக்குது. கழுத்து வரைக்கும் நைட்ரஜன் ஊத்தி வச்சிருக்கேன்."

அவள் அடித்தாள். அவர் மார்பில், இரண்டு கையாலும், அழுதுகொண்டே அடித்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

"நான் கூப்ட்டா நீ வரலியே. கேன் போனா வருவன்னு தெரியும்" என்றார். "உன் வேலையை நான் கெடுப்பேனா? அவளை மாரி இன்னொருத்தி பொழைக்கட்டும்."

நான் மேடத்தைப் பார்த்தேன். காலரை அப்போதுதான் விட்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"மேஜைக்கு அடியில கேன் இருக்கு. கேன் வெளிய போயிருக்குன்னு மாட்டுக்காரனைத் திருப்பி அனுப்பறா. அப்ப வெளிய போனது அவ கேன், உள்ள இருக்கறது யாருது? பஸ்ல பளபளன்னு வந்த கேனுக்கு ஆத்துல எதுக்குப் புடவை? பொண்ணு தன் கேன் இல்லைன்னு கண்டுபிடிச்சிடுவாளேன்னு. அதோட, திருடன் போன இடத்தைக் கேட்டதும் யாராவது பாலத்துக்கு இந்தாண்டன்னு வழி சொல்லி, சீக்கிரம் போங்கன்னு அனுப்புவாங்களா?" மேடம் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "இதெல்லாம்கூட வேண்டாம். ஜன்னல் சீட் வாங்கிக் கூட்டிவந்தவரு ஆத்துல கொட்டுவாரா கௌதம்?"

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"உன் மூஞ்சியில ரகசியம் தங்காது. அவ உன் மூஞ்சியைப் பாத்திருந்தா அழுதிருக்க மாட்டா."

கரையேறிய கோதண்டபாணியிடம் நான் ஒன்றுதான் கேட்டேன். நாடகம் ஆற்றில்தானே, பஸ்ஸில் ஹேமாவதி பார்க்கவில்லையே, அங்கே எதற்கு இரண்டாவது டிக்கெட்?

அவர் என்னை விவரம் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அந்தக் கேன்ல அவ இருந்தாளே."

ஹேமாவதி அன்று வீட்டில் தங்கினாள். சுலோச்சனா வீட்டிலிருந்து எடுத்து வந்த கேனை எங்களிடம் ஒப்படைத்தாள். "லேப்ல சூர்யபிரகாஷ்கிட்ட குடுத்துடுங்க. லீவுல இருந்தாலும் போன் பண்ணி வரச் சொல்லியிருக்கேன். அவன் பேரைச் சொன்னதுக்கு மன்னிப்பு கேட்டேன்னும் சொல்லுங்க" என்றாள். குரல் அழுது கரகரத்திருந்தது. கேட்க நன்றாக இருந்தது.

சென்னை பஸ் நிரம்பி வழிந்தது. மலையிலிருந்து இறங்கிய மொட்டைத் தலைகள், சந்தன வாசனை. எப்படியோ மூன்று பேர் சீட் ஒன்று பிடித்தேன். மேடம் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் நடுவில். ஜன்னலோரம் கேன். வண்டி ஆடும்போது சாயாமல் இருக்க, மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டேன். மூடி ஜில்லென்று இருந்தது. அந்தக் குளிர் உள்ளங்கையில் ஏற ஏற, மரத்துப் போயிருந்தது என் கை மட்டுமில்லை என்று தெரிந்தது.

நெரிசலில் நின்ற ஒரு ஆள் கேனைக் காட்டி, "சார், அதைக் கீழ வச்சா நான் ஒக்காருவேன்" என்றான்.

சுற்றி வளைத்து ஒரு ஜோக் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

கண்டக்டர் வந்தார். வேறு ஆள், சடகோபன் இல்லை.

"எத்தினி?"

"மூணு" என்றேன்.